மூன்று மார்க்

தேயிலை பேக்டரியில் இலை உருட்டும் ரோலர் மெஷின் இரைச்சலில் பதினோரு வருஷம் நின்றதில் என் காது போய்விட்டது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் பிள்ளைகளின் குரல் போனது. பிறகு பெண்களின் குரல். எதிரில் நிற்பவர் வாயைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் பேக்டரியிலிருந்து எடுத்து, மலையில் களை வெட்ட அனுப்பிவிடுவார்கள். என் இடுப்பு தாங்காது.

காது கேட்காததால் பேச்சும் குறைந்தது. வம்புக்குப் போகாத மனிதன் என்று லயத்து வரிசை வீடுகளில் பெயர் வந்தது. அந்தப் பெயர்தான் கெடுத்தது.

எழுபதுகளில் ஒரு வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு சரி. போடிமெட்டு இறங்கிக் கீழே போனால் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூட விடுதி இருந்தது. பையன், பெண் இரண்டு பேரையும் எடுப்பார்கள். எங்கள் தோட்டத்துக்கு அதில் ஒரே இடம். நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு அது. மற்ற பிள்ளைகள் வளர்ந்து கொழுந்துக்கூடை சுமக்கும்.

மார்க் போட மூன்று பேர். வாத்தியார், மாதா கோவில் உபதேசியார், பிற்பாடு சண்டை வரக்கூடாது என்று தொழிலாளர் பக்கம் ஒரு ஆள். என்னைக் கூப்பிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்றேன். பத்துக்கு எத்தனை என்று போட்டால் போதும் என்றார் வாத்தியார். காது கேட்காது என்று சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை.

லாரி டிரைவர் மகன் கையைத் தூக்கித் தூக்கிப் பேசினான். முக்கால்வாசி கேட்டது. ஒன்பது போட்டேன்.

கடைசியாக எங்கள் அடுத்த வீட்டுப் பெண்பிள்ளை வந்தது. அதன் அப்பா முந்தின வருஷம் மரம் கழிக்கும்போது கிளை விழுந்து செத்துப்போனார். அம்மா கொழுந்து எடுக்கிறவள். பிள்ளை கையைத் தொங்கவிட்டு நின்றது. உதடு லேசாகத்தான் அசைந்தது. எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. கூட்டத்தைப் பார்த்தேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று நினைத்தேன். ஆண்கள் தலையைக் குனிந்திருந்தார்கள். பிள்ளை பாடம் மறந்து உளறுகிறது என்று நினைத்தேன். மூன்று போட்டேன்.

மற்ற இரண்டு தாளிலும் அவள்தான் முன்னால் இருந்தாள். என் தாளைச் சேர்த்ததும் இடம் டிரைவர் மகனுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி முன்னால் வந்து நின்றாள்.

"உங்க நெஞ்சு என்ன கல்லா? செத்த அப்பனைப் பத்தியில்லா பேசுச்சு பிள்ள. லயமே அழுதுச்சு. நீங்க மூணு போட்டிருக்கிய."

நான் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் குழாயடியில் அந்தப் பிள்ளை நின்றது. முகம் என் பக்கம் இருந்ததால் புரிந்தது.

"மாமா, நான் எதுல பிசகுனேன்?"

"சத்தம் பத்தல தாயி."

"சரி மாமா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் அம்மா எங்களோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு பிள்ளை தினமும் ஓடைக்கு மேலே பாறையில் ஏறி நின்று, எதிர்மலையைப் பார்த்து உரக்கப் பேசுகிறது என்று என் மனைவி சொன்னாள். அடுத்த வருஷம் மறுபடி கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தது. விடுதியில் வயது தாண்டினால் எடுக்கமாட்டார்கள். அதைப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. எனக்கும்தான். ஒரு வருஷம் முழுக்க அது கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அதுவும் கேட்டதில்லை.

நாலைந்து வருஷம் கழித்து அவளைக் கொழுந்து எடுக்கப் பேர் பதிந்தார்கள். ஒரு சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்கு எடுக்கப் போயிருந்தேன். திடீரென்று முன்னால் வந்து நின்றாள்.

"பின்னால நின்னு நாலு தரம் கூப்பிட்டேன் மாமா" என்றாள்.

என் காதைப் பார்த்தாள். மலைக்கு மலை கேட்கும் குரல் இப்போது அவளுக்கு இருந்தது என்பார்கள். சுற்றிலும் ஆள் நின்றார்கள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"அன்னைக்கும் உங்களுக்குக் கேக்கலதான?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை. நான் ரோலரில் இன்னும் ஆறு வருஷம் நின்றேன்.