அத்தை சொன்ன மதிப்புரை

திண்டிவனத்தில் எங்கள் சபைக்கு வந்துசேரும் எந்தப் புத்தகமும் அத்தையின் பென்சிலுக்குத் தப்பியதில்லை. அப்பாவின் தங்கையான அத்தை பள்ளிக்கூட டீச்சர். இறையியலோ ஊழியமோ, எதைக் கொடுத்தாலும் அட்டை முதல் அட்டை வரை படித்துவிடுவாள். தவறென்று பட்டால் ஓரத்தில் வேத வசனத்தின் எண்ணை எழுதுவாள். சபையின் போதகர் எங்கள் பெரியப்பாதான். அத்தை ஒப்புக்கொண்ட புத்தகங்களை மட்டுமே சபை அலமாரியில் வைப்பார்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, சென்னையிலிருந்து பெயர்பெற்ற பிரசங்கியார் ஒருவர் தம் புதுப் புத்தகத்தோடு வந்தார். நோய் தீர்க்கும் ஜெபம் பற்றியது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெளியீடு, அத்தையின் மதிப்புரை, பிறகு பிரியாணி. என் ஜெபமெல்லாம் மதிப்புரை சுருக்கமாக முடியவேண்டும் என்பதுதான்.

மேடையேறும் முன் பெரியப்பா அத்தையின் காதருகே குனிந்தார். "விருந்தாளிம்மா அவரு. நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு எறங்கிடு."

"படிச்சிட்டுப் பேசச் சொன்னீங்கண்ணா. படிச்சதைத்தான் பேசுவேன்."

அத்தை மைக்கைப் பிடித்தாள். "ஜெபத்தைப் பத்தின முதல் பாதி ரொம்ப நல்லாருக்குதுங்க. ஊழியக்காரங்க எல்லாரும் படிக்கணும். ஆனா நாலாவது அதிகாரம் தப்புங்க. புள்ள பொழைக்கலன்னா பெத்தவளுக்கு விசுவாசம் பத்தலன்னு எழுதிக்கினு இருக்கீங்க. குருடனாப் பொறந்தவனைக் காட்டி யாரு பாவம்னு கேட்டப்போ, ஆண்டவர் யாரையும் குத்தம் சொல்லலியே. இந்த அதிகாரத்தோட இதை எந்த வீட்டுலயும் குடுக்காதீங்க."

பிரசங்கியார் சிரிக்க முயன்றார். "சகோதரி, அது என் அனுபவம்."

"அனுபவம் உங்களுதுங்க. போன வருஷம் விழுப்புரம் ஆஸ்பத்திரியில ஜுரத்துல செத்த புள்ள எங்க வீட்டுப் புள்ள."

அது என் தம்பி. பிரசங்கியார், அத்தை பென்சிலால் குறித்துவைத்திருந்த பிரதியைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "பேஜாரு பண்ணிட்டியேம்மா" என்று கடிந்துகொண்டார். அத்தை அம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு வெளியேறினாள். பிரியாணி அண்டா திறந்த வாசனை தெருமுனை வரை கூடவே வந்தது. எனக்கு அத்தைமேல் கோபமான கோபம்.

ஷேர் ஆட்டோவில் அம்மா அத்தையின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தம்பியை அடக்கம் செய்த அன்றுகூட அழாத அம்மா, குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெரியப்பாவிடம் திட்டு வாங்கிய அத்தைக்காகத்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.