மோகன் அண்ணனுக்கு எந்தச் சட்டை

மோகன் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று சாயங்காலம் வீட்டிலேயே நெஞ்சு வலி... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

இன்று காலை அவர் மனைவி போன் செய்தார். அழவில்லை. நேராகக் கேட்டார்.

"கஸ்தூரி, அவர் ரெண்டு கம்பெனியில இருந்தப்பவும் நீங்க கூட நின்னவங்க. போட்டு அனுப்பறதுக்கு நீலச் சட்ட எடுக்கவா, ஆரஞ்சு எடுக்கவா? அவருக்கு எது பிடிக்கும்?"

"வந்து சொல்றேன் அக்கா" என்று வைத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் கேம் மெஷின் விற்கிறவர்கள். டிவியில் மாட்டி விளையாடுவது... அதை மாலில் நின்று, ஆட்களுக்குக் காட்டி, பேசி வாங்க வைக்கும் ப்ரமோட்டர்கள்.

முதன்முதலில் சுங்கை பட்டாணியில் ஒரே கடையில் எதிரெதிர் கவுண்டர். அவர் நீலச் சட்டைக் கம்பெனி, நான் ஆரஞ்சுச் சட்டை. நான் அவருக்கு "ஏய் ஆரஞ்சு". அவர் எனக்கு "நீலம் அண்ணே".

ட்ரெய்னிங்கில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். எதிரில் இருக்கும் மெஷினின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. "மற்றது" என்றுதான் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவர் பந்து விளையாட்டைப் போட்டு சத்தத்தைக் கூட்டுவார். நான் கார் ரேஸைப் போட்டு இன்னும் கூட்டுவேன். கடை மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு வருவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குறைப்போம், மேனேஜர் போனதும் ஒரே நேரத்தில் கூட்டுவோம்.

ஒரு தீபாவளி சமயம். என் கவுண்டரில் விற்பனை ரொம்ப மோசம். இந்த மாதமும் டார்கெட் அடிக்காவிட்டால் கவுண்டரை எடுத்துவிடுவோம் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆனால் மாலில் எது மறைகிறது...

அன்றைக்குக் கரங்கானிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா தோட்டத்தில் ட்ராக்டர் ஓட்டுகிறவர், கூட இரண்டு பெண் பிள்ளைகள். நேராக நீலத்திடம்தான் போனார்கள். அண்ணன் ரொம்ப நேரம் பேசினார். பிறகு அவர்களை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த அக்காகிட்ட கேளுங்க. உங்களுக்கு இதுதான் சரியா இருக்கும்."

வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த சில நாட்களிலும் இப்படியே ஆள் வந்துகொண்டிருந்தார்கள்.

மாமாக் சாப்பாட்டுக்கடையில் தே தாரிக் டீ குடிக்கும்போது கேட்டுவிட்டேன். "எதுக்கு அண்ணே எனக்கு ஆள் அனுப்புறீங்க?"

"அந்தப் புள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடணும்னு கேட்டுச்சுங்க. அந்த மாதிரி கேம் உன்கிட்டதான் நெறைய இருக்கு."

சரி, நல்ல மனது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடியும் சொன்னார்.

"உன் கவுண்டர எடுத்துட்டா அடுத்து என்னோடதுதான் லா. எதிர்ல ஆள் இல்லாத எடத்துல எவன் காசு கொடுத்து ப்ரமோட்டர் நிறுத்துவான்?"

இரண்டில் எது உண்மை? சிரித்துக்கொண்டே சொன்னாரா, சீரியஸாகச் சொன்னாரா... அதுகூட இப்போது சரியாக ஞாபகம் வரவில்லை.

அந்த மாதம் தப்பித்தேன். அடுத்த வருடம் என் கவுண்டரை எடுத்தேவிட்டார்கள். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மோகன் அண்ணன் போன் செய்தார். "கூலிம்ல எங்க கம்பெனிக்கு ஆள் தேடுறாங்க. உன் பேர கொடுத்துட்டேன். நாளைக்கு போய் பாரு."

அப்படித்தான் நானும் நீலமானேன். இரண்டு பேரும் ஒரே பக்கம். மீட்டிங்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆனால் பேச என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் கூலிமில் கடை திறக்கிறேன்... எதிர் கவுண்டரில் ஆரஞ்சுச் சட்டை. மோகன் அண்ணன்.

"என்ன அண்ணே இது?"

"கூப்பிட்டாங்க, வந்துட்டேன்."

அவ்வளவுதான். அன்று முழுக்க, ஒரு காலத்தில் நான் ஆரஞ்சைப் பற்றி என்னவெல்லாம் சொல்லி விற்றேனோ, அதையெல்லாம் வார்த்தை மாறாமல் சொல்லி விற்றார். நான் அவருடைய பழைய வசனங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடியும் சத்தத்தைக் கூட்டினோம்.

ஆள் இல்லாத ஒரு மத்தியானம் கேட்டேன். "நெஜமா சொல்லுங்க அண்ணே. உங்களுக்கு எது பிடிக்கும்?"

"எனக்கா?" என்றார். யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அதற்குள் ஒரு கஸ்டமர் வந்துவிட்டார், அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் நானும் கேட்கவில்லை.

இன்று சுங்கை லாலாங்கில் அவர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனைதான். நீலம் என்று சொல்வதா... ஆரஞ்சு என்று சொல்வதா... கடைசியாக நின்றது ஆரஞ்சுக்கு. அதிக நாள் நின்றது நீலத்துக்கு. இப்படிக் கணக்குப் போட்டுச் சொல்கிற விஷயமா இது?

வாசலில் பந்தல். இரண்டு கம்பெனி ஆட்களும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். நீலம் ஒரு பக்கம், ஆரஞ்சு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நேராக உள்ளே போய்விட்டேன்.

"எனக்குத் தெரியல அக்கா" என்றேன்.

"பரவால்ல மா. மக எடுத்துக் கொடுத்துட்டா."

சாம்பல் கலர் கட்டம் போட்ட சட்டை. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க பசாருக்குப் போட்டுக்கொண்டு போவாராம்.

அந்தச் சட்டையில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஒரு நிமிடம், வேறு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டேனோ என்று இருந்தது.

போய் வாங்க அண்ணே.