புகையைக் கழுவிய தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் குடியிருந்தோம். கணவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு வேலை. வாடகை குறைவு என்று ஒரு பேண்டேஜ் துணி ஆலையின் பின்தெருவில் வீடு பிடித்தார். ஏன் குறைவு என்பதை, மறுநாள் கொடியில் காயப்போட்ட வேட்டி சொன்னது. அத்தனையும் கரி! பாய்லர் புகைபோக்கி எங்கள் மொட்டைமாடிக்கு நேரே நின்றது.

வேட்டி கிடக்கட்டும், இரண்டு வயது மகனுக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சுக்குத் திணறுவான். பார்க்கப் பயமாக இருக்கும். தெருவே போய்ச் சண்டை போட்டதில் ஆலைக்காரர்கள் ஒரு தொட்டி கட்டினார்கள். புகையைத் தண்ணீர்ச் சாரலுக்குள் விட்டுக் கழுவி மேலே அனுப்பும் ஏற்பாடு. கரி தண்ணீரோடு தங்கிவிடும். புகையைக்கூடக் குளிப்பாட்டுவார்களா என்று சிரித்தேன். கொஞ்ச நாளில் பிள்ளை ஓடியாட ஆரம்பித்ததும் அந்தத் தொட்டியைக் கும்பிடத் தோன்றியது.

அடுத்த கோடையில் தெருக்குழாய் வறண்டது. தெருப் பெண்கள் எல்லோரும் ஆலைக் கிணற்றிலிருந்து வீட்டுக்கு நாலு குடம் கேட்டுப் போனோம். மேனேஜர் கையை விரித்தார்.

"துணி வெளுக்க எடுத்தது போக மிச்சம் கொஞ்சந்தான். ஒங்களுக்குக் குடுத்தா புகைக்குப் பத்தாது. பாய்லர நிப்பாட்ட முதலாளி விடமாட்டாரு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

என் ஒரு பிள்ளைக்காகத் தெருவையே தாகத்தில் கிடக்கச் சொல்ல முடியுமா? தலைகுனிந்து நின்றேன்.

பேசியது எதிர்வீட்டு அக்கா. குழாயடிச் சண்டையில் என் குடத்தை எட்டி உதைத்தவர். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சே கிடையாது.

"புகைக்கே ஊத்துங்க சார். நாங்க தோட்டத்துக் கெணத்துக்குப் போயிக்கிடுதோம். அந்தப் பிள்ள மறுபடி மூச்சுக்கு இழுக்கதப் பாக்க முடியாது."

தோட்டம் ஊருக்கு வெளியே இருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை என்றால் பொய். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் குடத்தைத் தூக்கினார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, அழுதா கொடம் ரொம்பிருமா? நட," என்று அதட்டிவிட்டு அக்கா முன்னால் போனார்.

மழை வரும்வரை எல்லோரும் அப்படித்தான் நடந்தோம். முப்பது தாண்டிய மகன் இப்போதும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறான். அவன் விடும் மூச்சில் அந்தப் பெண்கள் வெயிலில் சுமந்த தண்ணீரும் இருக்கிறது என்று, அவன் அலுத்துக்கொண்டாலும், இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.