நான் வரைந்த இரண்டாவது வீராங்கனை

காமிக்ஸ் வீராங்கனைகளை வரைந்துதான் என் பிழைப்பு ஓடுகிறது. தென்காசி வீட்டு மாடியறையில் உட்கார்ந்து டேப்லெட்டில் கோட்டுப்படம் போட்டு அனுப்புவேன். வேறு ஊரில் ஒருவர் வண்ணம் போடுவார். பிறகு அது செல்போன் செயலியில் வாரம் ஒரு அத்தியாயமாக வெளியாகும். எங்கள் நாயகி உடைகிற அணையை ஒற்றை ஆளாகத் தாங்குவாள். அப்போதும் அவள் இடுப்பு ஒரு சாண்தான் இருக்க வேண்டும், நெஞ்சும் பின்புறமும் ஒருசேரத் தெரிய வேண்டும். அப்படித் திருகி நின்றால் எந்த மனுஷிக்கும் முதுகெலும்பு முறிந்துவிடும். கூட வரும் ஆணுக்குக் கழுத்துவரை கவசம் உண்டு; இவள் குண்டடி படுவதெல்லாம் தொப்புள் தெரியத்தான். எடிட்டரிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "வாசகர்கள் எதிர்பார்ப்பாங்க மேடம்" என்பார். எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் அக்கா அடுத்த தெருவில் இருக்கிறாள். போன வருஷம் புற்றுநோய் வந்து அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்துக்கொண்டாள். ஆனால் சீசன் வந்தால் முதல் ஆளாகக் குற்றாலத்துக்குக் கிளம்புகிறவள், இந்த ஆனியில் சாரல் தொடங்கியும் வாயைத் திறக்கவில்லை. அருவியில் பெண்கள் உடுத்திய துணியோடுதான் குளிப்போம். ஆனால் நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு எதையும் மறைக்காது. அதை நினைத்து நானும் அவளைக் கூப்பிடவில்லை.

ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்தவள், நான் வரைந்துகொண்டிருந்த படத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒன் ஆளு இத்தன அடி வாங்குதாளே, ஒடம்புல ஒரு தழும்புகூட கெடையாதா?"

"போட்டா அழிக்கச் சொல்லிருவாங்கக்கா."

"அப்பம் என்னைய மாதிரி ஒருத்தி அங்கன வரவே முடியாது, என்ன?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கதையில் நாயகிக்குத் துணையாக மூத்தவள் ஒருத்தி வரவேண்டியிருந்தது. அவளை உன்னைப் போலவே வரையட்டுமா என்று கேட்டேன். அக்கா டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வரைஞ்சா உள்ளபடி வரையணும். அது அப்படியே வெளிய வந்துட்டுன்னு வையி, நானும் அருவிக்கு வாரேன்."

எடிட்டரிடம் விளக்கமாகப் பேசினேன். என்ன நினைத்தாரோ, சரியென்றுவிட்டார். அக்காவின் அகன்ற தோள், நரைத்த முன்முடி, தடித்த கை எல்லாவற்றையும் வரைந்தேன். உடைக்கு அடியில் இடது பக்கம் தட்டையாக இருந்தது. அணைக்குத் தோள் கொடுத்து நின்றாள். நான் வரைந்ததிலேயே எனக்கு முழுமனதாகப் பிடித்த படம் அதுதான்.

வெளியான அன்று காலையிலேயே அக்கா வந்துவிட்டாள். அடுக்களையில் நின்று அவள் போனில் பார்த்தோம். படத்தில் அவளுக்கு இரண்டு மார்பும் இருந்தன.

வண்ணம் போடுகிறவரைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். எங்கள் வேலையில், வரைகிறவர் அவசரத்தில் ஒரு விரலையோ காதுத் தோட்டையோ விட்டுவிட்டால், வண்ணம் போடுகிறவர் கேட்காமலே சேர்த்துவிடுவது வழக்கம். அது உபகாரம்தான். "ஒரு சைடு விட்டுப்போயிருந்துச்சு மேடம், நானே முடிச்சுட்டேன்" என்றார் பாவம். எடிட்டர் அவரிடம் சொல்ல மறந்திருக்கிறார். வண்ணம் போட்டவர் மனதில் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு பெண்ணின் உடம்பு அப்படியும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

"இன்னைக்கே மாத்தச் சொல்லுதேன்க்கா" என்றேன். அக்கா இனி அருவிக்கு வரவே மாட்டாள் என்று பயமாக இருந்தது.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை அணைத்தாள்.

"இவனுவ என்னைய எப்பம் சரியா படம் போட்டு முடிக்க, நான் எப்பம் குளிக்க? கெளம்பு."

மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். ஓரமாகப் பாறையைப் பார்த்துத் திரும்பி நின்ற அக்கா, சுடிதார் கழுத்துக்குள் கையை விட்டு ஒரு பஞ்சுப் பொதியை எடுத்தாள். உள்ளே அப்படி ஒன்று வைத்திருக்கிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நனைஞ்சா கனக்கும். நீ வச்சுக்கோ" என்று என் கையில் திணித்தாள். துப்பட்டாவையும் என் தோளில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போனாள். துணி உடம்போடு ஒட்டியது. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி பார்த்தாள். பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொள்ள அக்காவுக்கு இடம் விட்டாள்.

அந்தப் பஞ்சில் அக்காவின் உடம்புச் சூடு அப்படியே இருந்தது. சாரலில் அது நனைந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அவள் குளித்து முடிக்கும்வரை நின்றேன்.