அப்பாவுக்குப் பருக்கின மண்

பேய், முனி எண்டு ஆரும் கதைச்சால் எழும்பிப் போற ஆள் நான், அதை முதலே சொல்லிப்போட்டன். ஒருக்கால் சுடலையடியிலை ட்ரக்டர் பழுதாகி நிண்டு, இழுவைப் பெட்டிக்குக் கீழை சாக்கை விரிச்சுப் படுத்து நல்லா நித்திரை கொண்டு எழும்பி வந்தவன். இப்பவும் இந்தக் கதையை வேறை ஆரும் வந்து சொன்னால் நான் நம்பமாட்டன், அதாலை நீங்கள் நம்பாட்டிலும் எனக்குக் கோவமில்லை. சிரிக்கிறதெண்டால் மட்டும் நான் சொல்லி முடிச்சாப் பிறகு சிரியுங்கோ.

எங்கடை அப்பா யாழ்ப்பாணத்திலை இருந்த துண்டுக் காணியைச் சகோதரங்களுக்கு விட்டிட்டு, ஒட்டுசுட்டான் பக்கம் குளத்துக்குக் கீழை அரசாங்கம் குடுத்த வயலுக்கு வந்தவர். காடு வெட்டி, வேர் கிண்டி, யானையோடை மல்லுக்கட்டி எடுத்த நிலம். சாப்பிட இருந்தாலும் வயல் கதை, கோயிலுக்குப் போனாலும் வயல் கதை, ஊரிலை அவரை வயல் பைத்தியம் எண்டுதான் பகிடி பண்ணுறது. பிறகு நடந்ததுக்கெல்லாம் அந்தப் பகிடிதான் எங்களுக்குச் சாட்டாப் போச்சு.

எனக்கு ஒரு தங்கச்சி, பவளம். எழுபத்தேழுக் கலவரத்திலை அடிபட்டு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலை இருந்து வந்த சனம் எங்களுக்கு நாலைஞ்சு மைல் அங்காலை காட்டுக்கரையிலை கொட்டில் போட்டு இருந்ததுகள். அதிலை ராமையா எண்டொரு பொடியன் எங்கடை வயலுக்கு நெல்லு அருவி வெட்ட வந்தவன், அடுத்த விதைப்புக்கு முன்னம் பவளம் அவனோடை அந்தக் காட்டுக்கரைக்கே போயிட்டாள். அப்பா சத்தம் போடேல்லை. கிணத்தடிக்குப் போய், செத்தவீட்டுக்குப் போய் வந்த மாதிரி உடுத்த சாரத்தோடை வாளி வாளியா அள்ளித் தலையிலை ஊத்திப்போட்டு வந்து, "எனக்கு இனி ஒரு பிள்ளைதான்" எண்டார். அதோடை அவளின்ரை பேர் எங்கடை வீட்டிலை எழும்பேல்லை. ராமையாவிலை எனக்கொரு கோவமும் இல்லை, நல்ல வேலைகாரன், ஆனால் அப்பாவுக்கு முன்னாலை வாய் திறக்கிற துணிவு எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

ரெண்டு மூண்டு வரியம் போய் அப்பாவுக்குப் பாரிசவாதம் அடிச்சது. வலப்பக்கம் முழுக்கச் செத்துப்போச்சு, கதையும் போச்சு. ஆசுப்பத்திரியிலை கொஞ்ச நாள் வைச்சிருந்திட்டு, மூக்காலை ஒரு குழாயை விட்டு, அதாலை கஞ்சித்தண்ணியும் பாலும் விடச் சொல்லி வீட்டை அனுப்பினவை. டொக்டர் இளம் ஆள், தன்மையான மனிசன். என்னைத் தனியக் கூப்பிட்டு, "வாயாலை ஒண்டும் குடுக்காதேங்கோ, சுவாசப்பைக்குள்ளை போயிடும். அவருக்கு நீங்கள் கதைக்கிறது விளங்கும், கனகாலம் இருக்கவும் கூடும். குழாயைக் கழட்ட வேணும் எண்டு வீட்டிலை ஆரும் சொல்லுவினம், அவசரப்படாதேங்கோ" எண்டு சொன்னவர். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்தன்.

வீட்டை வந்தால் அம்மாவுக்கு அதைப் பாக்க ஏலாது. கையாலை குழைச்சுச் சாப்பிட்ட மனிசனுக்கு இப்பிடியோ எண்டு குசினிக்குள்ளை இருந்து அழுவா. யாழ்ப்பாணத்திலை இருந்து சித்தப்பா வந்தார், கோயிலிலை தேவாரம் படிக்கிறவர், அப்பாவின்ரை தம்பி. அவர் கட்டிலடியிலை இருந்து பாத்திட்டுச் சொன்னார், "அண்ணை எப்பவோ வெளிக்கிட்டிட்டார். நீங்கள்தான் குழாயாலை கட்டி வைச்சிருக்கிறியள். போற உயிரை மறிக்கிறது பாவம்."

"கழட்டினால் அது பாவமில்லையோ சித்தப்பா?" எண்டு கேட்டன்.

"ஆசையை அறுத்துப்போட்டுக் கழட்டினால் பாவமில்லை. அண்ணைக்கு என்ன ஆசை எண்டு உனக்குத் தெரியாதோ? எந்த நேரமும் வயலைத்தானே பாத்துக்கொண்டு கிடக்கிறார்."

அது உண்மைதான், அப்பாவின்ரை கண் எந்த நேரமும் வாசல் பக்கம்தான் கிடந்தது. வாசலாலை பாத்தால் வயல் தெரியும். ஆனால் றோட்டுப் படலையும் அந்தப் பக்கம்தான். றோட்டிலை சைக்கிள் மணி அடிச்சாலோ பஸ் நிண்டாலோ அந்தக் கண் படலையடிக்கு ஓடுறதை நான் கண்டனான். அம்மாவும் கண்டிருப்பா. வயலுக்கு பஸ்ஸிலை ஆர் வாறது? ஆனால் அதைச் சொல்ல வெளிக்கிட்டால் பவளத்தின்ரை பேரைச் சொல்லவேணும். மண்ணாசை எண்டு சொல்லுறது எல்லாருக்கும் லேசாக் கிடந்தது. இழுத்துக்கொண்டு கிடக்கிற ஆளுக்கு அவரின்ரை காணி மண்ணைப் பாலிலை கரைச்சுப் பருக்கினால் ஆசை அறுந்து உயிர் சுகமாப் போகும் எண்டு எங்கடை ஆக்கள் செய்யிறதுதானே. அம்மாவும் ஓம் எண்டிட்டா. மூத்த பிள்ளை, ஆம்பிளைப் பிள்ளை, நான்தான் மண் எடுக்கவேணும், நான்தான் பருக்கவேணும்.

நல்ல உச்சி வெய்யில். சிரட்டை ஒண்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனன். வெட்டி முடிஞ்ச வயல், ஒரு காகம்கூட இல்லை. வரம்பிலை குந்திக் கையாலை மண்ணைக் கிண்ட, அங்காலை ஆரோ நிக்கிறது தெரிஞ்சுது. நிமிர்ந்து பாத்தால் அப்பா.

நீங்கள் இப்ப என்ன நினைக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். வெய்யில், நித்திரையில்லாத கண் எண்டு நானும் அப்பிடித்தான் எனக்குச் சொன்னனான். ஆனால் அந்தச் சாரத்தை மடிச்சுக் கட்டுற விதம், மண்வெட்டியை இடந்தோளிலை வைக்கிற விதம், எனக்குத் தெரியாதோ? என்னை நேர பாத்தார். பாத்திட்டு வலக்கையைத் தூக்கி, பொறு எண்டு காட்டினார். ட்ரக்டரைப் பின்னுக்கு எடுக்கேக்கை எனக்குக் காட்டுற அதே கை. கட்டிலிலை அந்தக் கை விரல்கூட அசையாமல் கிடக்கு. பிறகு திரும்பி, வரம்பாலை நடந்து, காட்டுக்கரைப் பக்கம் போனார். வீட்டுப் பக்கம் இல்லை, காட்டுக்கரைப் பக்கம்.

நான் என்ன செய்தனான் எண்டு கேளுங்கோ. குனிஞ்சு மிச்ச மண்ணைக் கிண்டினன். சிரட்டை நிறைஞ்சாப் பிறகுதான் நிமிர்ந்தனான், அப்ப அங்கை ஒருத்தரும் இல்லை. வீட்டை போய் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. சொல்லியிருந்தால் அண்டைக்கு நிண்டிருக்கும், இது உண்மை. ஆனால் எனக்குக் களைச்சுப் போச்சு. இரவிரவா அவரைப் பிரட்டிப் படுக்க வைச்சு, புண் கழுவி, முடிஞ்சால் போதும் எண்டு எனக்கும் கிடந்தது. அதை ஒளிச்சு என்ன.

குழாயை நான்தான் இழுத்தன். சித்தப்பா சிவபுராணம் படிச்சார். அம்மா பாலைக் கொண்டுவந்து தர, மண்ணைக் கரைச்சு வடிச்சுக் கரண்டியிலை எடுத்தன். அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். உணர்வில்லாத ஆள் எண்டு சித்தப்பா சொன்னார், உணர்வில்லாத ஆள் வாயை மூடுமோ? நான் விரலை விட்டுத் திறந்துதான் ஊத்தினன். விக்கினார். கடைவாயாலை பாலும் மண்ணுமா வழிஞ்சுது, அம்மா சீலைத் தலைப்பாலை துடைச்சா. கொஞ்ச நேரத்திலை எல்லாம் முடிஞ்சுது. கண் மட்டும் படலைப் பக்கம் பாத்தபடி, சித்தப்பாதான் மூடிவிட்டார்.

பொழுதுபடுற நேரம் படலை திறந்து பவளம் வந்தாள். இடுப்பிலை பிள்ளை, கால் முழுக்க முள்ளுக் கீறல், யானை திரியிற பாதையாலை நடந்து வந்திருக்கிறாள். நாங்கள் ஆரும் அவளுக்குச் சொல்லி விடேல்லை. அம்மா அவளைக் கண்டோடனை ஐயோ எண்டு போய்க் கட்டிப்பிடிச்சா, நாங்கள் பயந்துகொண்டிருந்த மாதிரி ஒண்டும் நடக்கேல்லை, ஒருத்தரும் அவளை வெளியிலை நில் எண்டு சொல்லேல்லை. அவ்வளவு லேசாத்தான் இருந்தது.

நான் அவளைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காலுக்குத் தண்ணி வாத்தன். உனக்கு ஆர் சொன்னது எண்டு கேட்டன்.

"அப்பாதான் வந்தவர் அண்ணா."

நான் வாளியைக் கீழை வைச்சிட்டன்.

"மத்தியானம் சரிஞ்சாப் பிறகு, வேலிக்கு அங்காலை வந்து நிண்டவர். வருத்தம் எண்டு சனம் சொல்லக் கேள்விப்பட்டனான், சுகம் வந்து நடந்து வந்திட்டார் எண்டுதான் நான் நினைச்சனான். உள்ளுக்கை வாங்கோ அப்பா எண்டன், வரேல்லை. தண்ணி தா பிள்ளை எண்டார். செம்பிலை குடுத்தன். குடிக்கேல்லை அண்ணா, வாயைக் கொப்புளிச்சுக் கொப்புளிச்சுத் துப்பினவர். வாய் முழுக்க மண்ணாக் கிடக்குப் பிள்ளை, உன்ரை பேர் சொல்ல ஏலாமல் கிடக்கு எண்டவர். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுறதுக்குள்ளை ஆளைக் காணேல்லை."

அவளுக்கு நாங்கள் மண் பருக்கினது தெரியாது. சித்தப்பாவும் அம்மாவும் இப்ப இல்லை, ஆக இண்டைக்கு அது தெரிஞ்ச ஆள் நான் மட்டும்தான், இப்ப நீங்களும்.

சித்தப்பா சொன்ன நியாயமும் டொக்டர் சொன்ன நியாயமும் எனக்கு இப்பவும் விளங்குது. ரெண்டிலை எது சரி எண்டு நான் கதைக்க வரேல்லை. பொறு எண்டு அவர் கேட்டதை மட்டும்தான் நான் யோசிக்கிறனான். ஒரு பொழுது பொறுத்திருந்தால் அவள் வந்து சேர்ந்திருப்பாள்.

ஒவ்வொரு வரியமும் திவசத்துக்குப் பவளம் வருவாள். எல்லாரும் படைக்கிறதோடை அவள் ஒரு செம்பு பச்சைத்தண்ணியும் கொண்டுவந்து வைப்பாள். வைச்சிட்டு ஒருக்கால் என்னட்டைக் கேப்பாள், அப்பா துப்பின தண்ணி ஏன் அண்ணா பால் மாதிரி வெள்ளையாக் கிடந்தது எண்டு.

வெய்யிலுக்கு உனக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும் எண்டு சொல்லிப்போட்டு நான் எழும்பிப் போயிடுவன்.