தாம்பூலத் தட்டில் சிகரெட்

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் பெரம்பலூர் டாக்டர் என் நெஞ்சுக்குத் தீர்ப்பு எழுதினார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து புகைத்ததற்கும் அரியலூர் சிமெண்ட் லாரிப் புழுதிக்கும் சேர்த்து. சுருங்கிய மூச்சுக்குழாய் பழையபடி விரியாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மேல்முறையீடு கிடையாது. சிகரெட்டை அன்றே விட்டேன். காலையும் மாலையும் ஒரு இன்ஹேலர் பம்பு, இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். திணறினால் நீல பம்பு. ஆபீஸ் விதிகள் அத்தனையும் மனப்பாடமாக இருந்தவனுக்கு இது சிரமமாக இல்லை. எதுவும் உறைக்கவும் இல்லை.

மகளைப் பெண் பார்க்கப் பாடாலூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை என் மனைவி இரண்டு பம்பையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"பாத்தா பரம்பரை வியாதின்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. ஒரு பொழுது பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க."

"பல்லால மூச்சு விட முடியாதுடி."

"பேச்சுக்கு மட்டும் கொறச்சல் இல்ல."

வந்தவர்களுக்கு மரியாதை என்று வெற்றிலைத் தட்டில் ஒரு சிகரெட் பாக்கெட்டும் வைத்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, எனக்கும் நீட்டினார்.

"எடுங்க சம்பந்தி, கூச்சப்படாதீங்க."

"அவங்க மாலை போட்டிருக்காங்க," என்றாள் மனைவி.

பெரியப்பா என் வெறும் கழுத்தைப் பார்த்தார். "மாலை இன்னும் கடையிலயா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போனேன். புகை உள்ளே போனது. மூச்சு வெளியே வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பயமாக இல்லை. வேறு யாருக்கோ நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டுப்புடவையோடு மகள் எழுந்தாள். அம்மாவின் இடுப்பிலிருந்து சாவியை உருவி, பீரோவைத் திறந்து, நீல பம்பைக் குலுக்கிக்கொண்டே வந்து என் வாயில் வைத்தாள்.

"இழுங்கப்பா. அடக்குங்க." சபை நடுவே பத்து வரை சத்தமாக எண்ணினாள்.

மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் கேட்டார். "பொண்ணுக்கும் இது உண்டுங்களா?"

"இல்லைங்க. சிகரெட் குடிச்சது அப்பா மட்டுந்தான்," என்றாள் மகள்.

பெரியப்பா தம் சிகரெட்டைக் காபி டம்ளரில் அணைத்தார். ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று பஸ் ஏறினார்கள். தகவல் வரவில்லை. நான் வேளை தவறாமல் பம்பை இழுத்து, வாய் கொப்பளித்தேன்.

அடுத்த ஜாதகத்தோடு தரகர் வந்தபோது மகளே எதிரில் வந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்கு மூச்சு நோவு இருக்குங்க. அதை மொதல்ல சொல்லிட்டு, அப்புறமா கூட்டிட்டு வாங்க."

தரகர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க," என்றேன்.