ரெண்டு கட்டை

சித்தி பியானோவின் முன்னால் உட்கார்ந்தால் ராயபுரத்துக் காக்காய்கூட வாயை மூடிக்கொள்ளும் என்று அம்மா சொல்வாள். காக்காய்கள் மூடிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அவளிடம் பாட்டுப் படித்த நாங்கள் மூடிக்கொள்வோம், அது நிஜம்.

கன்னியாஸ்திரீகள் நடத்திய எங்கள் பள்ளிக்கூடத்தில் சித்தி தற்காலிகப் பாட்டு டீச்சர். அந்த வருஷ ஆண்டு விழாவுக்குத் துறைமுகத்தைப் பற்றி அவளே ஒரு பாட்டு எழுதி மெட்டமைத்திருந்தாள். அது தலைமைக் கன்னியாஸ்திரீயான மதருக்குப் பிடித்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் தூத்துக்குடியில் பெரியம்மா பார்த்து வைத்திருந்த இரண்டாந்தார மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். "நான் போவ மாட்டேன்" என்று சித்தி ஒரே தடவைதான் சொன்னாள். அதன்பிறகு பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, உப்புக்காற்று தின்ற பள்ளிக்கூடத்துப் பியானோவில், விரல் வைத்து அழுத்தும் கட்டைகளில் நட்டநடுவே இரண்டு ஊமையாகிவிட்டன. மாமா துறைமுகத்தில் தச்சர். பியானோவில் ரெண்டு கட்டை போச்சு, உடனே வந்து பார்க்கச் சொல் என்று சித்தி என்னை அனுப்பினாள். வழியில் மாங்காய்க் கீற்று தின்றதில் பாதிச் சேதி கரைந்துபோயிற்று. சித்திக்கு ரெண்டு கட்டை வேணுமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மாமா தோளில் சுமந்துகொண்டு வந்தார். கப்பலில் சரக்கு உருளாமல் முட்டுக்கொடுக்கும் கட்டைகள்.

"கேட்டியாமே, இந்தா ரெண்டு கீது. நல்ல தேக்கு" என்று பள்ளிக்கூட ஹாலில் போட்டார். அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியது.

ஒத்திகைக்கு நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். சித்தி சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. மாமா பியானோவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே கம்பியே அறுந்து கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று கைவிரித்தார். புதுக் கம்பி வர ஒரு மாதமாகும். கட்டைகளை எடுத்துப் போகக் குனிந்தவரைச் சித்தி தடுத்தாள்.

"அது இங்கியே கெடக்கட்டும்ணே. இன்னொரு தபா போடு."

அவர் போட்டார். சித்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் பாட்டு மாறியிருந்தது. அந்த இரண்டு சுரங்கள் வருகிற இடத்திலெல்லாம் பியானோவும் நிற்கும், பாடுகிறவர்களும் நிற்பார்கள், கட்டை மட்டும் பேசும். தட்டுகிற வேலை எனக்கு, ஏனென்றால் என் குரலும் கட்டை. தட்டித் தட்டிக் கை கொப்பளித்துப்போய் அழுதேன். "அழுதுகினே தட்டு" என்றாள்.

விழாவில் கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. மதர் சித்தியிடம் வந்து, பாட்டின் நடுவே கட்டைச் சத்தம் வருகிறதே, அப்படித்தான் எழுதினாயா என்று கேட்டார். நான் பக்கத்திலேயே கட்டையும் கையுமாக நின்றிருந்தேன்.

"ஆமா மதர், அப்படித்தான் எழுதினேன்" என்றாள் சித்தி, கண் இமைக்காமல்.

வேலை நிலைத்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மதரிடமே பொய் சொல்லிவிட்டாளே, நரகத்துக்குப் போய்விடுவாளே என்று பயம். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் என் பாவங்களோடு சித்தியின் பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். உன் பாவத்தை மட்டும் சொல்லம்மா என்றார் பங்குச் சாமியார். பரிகாரமாக மூன்று மங்கள வார்த்தை ஜெபம் விதித்தார். நான் ஆறு சொன்னேன்.

அடுத்த மாதமே பியானோவுக்குப் புதுக் கம்பி வந்தது. ஆனாலும் சித்தி பழைய மெட்டுக்குத் திரும்பவில்லை. மறு வருஷமும் அதே பாட்டு, அதே கட்டை. அவளுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்தவள் நான்தான் என்ற பெருமையோடு ஓங்கித் தட்டினேன். அவள் பொய்யே சொல்லவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.